டென்மார்க்குக்கு ஒரு மட்ச்

சிவமயம்

கட்டுவன்,
12.02.2024

அன்பு மருமகன் ஜெயசுதனுக்கு மாமி செல்வநாயகி எழுதுறது.

எங்கடை வைரவர் கண் திறந்து பாக்கிறபடியால் நானும் மாமாவும் சுகம். எனக்கு முழங்கால் நோ மட்டும்தான். அதுவும் கோயில் சுத்தேக்கை வாறேல்லை, மா இடிக்கேக்கைதான் வருது. நீயும் உன்ரை மனிசி தர்சிகாவும் பிள்ளையும் அந்தக் குளிருக்கை எப்பிடி இருக்கிறியள். பிள்ளையைக் காது மூடித் தொப்பி போடாமல் வெளியிலை விடாதை.

ஏன் மாமி இந்தக் காலத்திலை கடதாசியிலை எழுதுறா எண்டு யோசிப்பாய். போன் எப்பவும் உன்ரை மாமாவின்ரை சட்டைப் பையுக்கைதான் கிடக்கும். நான் கதைச்சால் பக்கத்திலை நிண்டு காது குடுப்பார். இது அவருக்குத் தெரியப்படாத விசயம். நீயும் மறுமொழியை உதயகலா வீட்டு விலாசத்துக்குப் போடு. மதிலுக்கு அங்காலை இருக்கிறவள். வாய் நிண்டுபிடியாது, எண்டாலும் நல்லவள்.

விசயம் இதுதான். எங்கடை ஊர்க் கழகம் மைதானத்திலை புது மண்டபம் கட்டுது. ஆவணியிலை திறப்பு விழா. முகப்பிலை ஒரு மாபிள் கல்லுப் பதிச்சு, நாட்டு ரீமுக்கு விளையாடின எங்கடை ஊர்ச் சனத்தின்ரை பேரை வெட்டப்போகினம். உன்ரை மாமா டென்மார்க்கிலை இருக்கேக்கை அந்த நாட்டு ரீமிலை ஒரு கிரிக்கெட் மட்ச் விளையாடினவர் எல்லே. நான் செயலாளர் பிரகலாதனிட்டைப் போய்ச் சொன்னன். "அன்ரி, எழுத்திலை ஏதும் இருந்தால் காட்டுங்கோ, போடுறம்" எண்டான். அவனிலையும் பிழை இல்லை. முந்தி ஒருத்தர் இலங்கை ரீமுக்காக ஓட்டப்போட்டியிலை ஓடினவர் எண்டு புளுகி, பேரையும் எழுதுவிச்சு, பேந்து அழிக்க வேண்டிப் போச்சு.

எழுத்துக்கு நான் எங்கை போக. தொப்பி, படம் எல்லாம் இருந்த ரங்குப் பெட்டியை இடம்பெயரேக்கை விட்டிட்டுப் போனம். திரும்பி வரேக்கை வீடே இல்லை, பெட்டி எங்காலை.

பெடியள் அவரைக் கண்டால் "டென்மார்க் வருது, பந்தை ஒளியுங்கோ" எண்டு பகிடி பண்ணுறாங்கள். அதாலை மனிசன் இப்ப மைதானத்தடியாலை போறேல்லை. தோட்டத்துக்குச் சுத்துப்பாதையாலை போறார். கேட்டால் "அந்த ஒழுங்கையிலை நாய்" எண்டு சொல்லுறார். அங்கை ஒரு நாயும் இல்லை மோனை.

நீ டென்மார்க்கிலை இருக்கிறாய். தேடிப்பார். கல்லிலை பேர் வந்தால் நல்லூர்த் தேருக்குப் பின்னாலை விழுந்து கும்பிட்டு அடி அழிக்கிறன் எண்டு நேர்ந்திருக்கிறன். முழங்காலை முருகன் பாத்துக்கொள்ளட்டும்.

அம்மன் துணை நிக்க,
மாமி


ஹேர்னிங்,
10.03.2024

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதம் உறை கசங்காமல் வந்து சேர்ந்தது. இங்கே மூவரும் நலம். பிள்ளை தொப்பியைப் போடும். பள்ளிக்கூட வாசலில் கழற்றிவிடும். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா?

மாமா விளையாடினார் என்று அப்பாவும் ஒருமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் ஆசையோடுதான் தேடினேன். கிரிக்கெட் சங்கத்துக்கு எழுதினேன். அந்த வருடங்களில் நாட்டுக்காக ஆடியவர்களின் பெயர்கள் முழுவதையும் அனுப்பினார்கள். தியாகராசா என்று ஒருவரும் இல்லை. எழுத்து மாறியிருக்கலாம் என்று எல்லா விதமாகவும் பார்த்தேன். இல்லை.

மாமி, கோபிக்க வேண்டாம். அவர் இங்குள்ள ஊர்க் கழகத்துக்கு ஆடியிருக்கலாம். வருடக் கணக்கில் சொல்லிச் சொல்லி அது நாட்டு ரீம் ஆகியிருக்கலாம். அவரிடமே ஒருமுறை கேட்டால் என்ன?

தர்சிகா உங்களை விசாரித்தாள்.

என்றும் அன்புடன்,
ஜெயசுதன்


சிவமயம்

கட்டுவன்,
04.04.2024

மருமகனுக்கு,

கடிதம் கிடைச்சுது. சுகத்தைக் கடைசியிலை எழுதுறன், முதல் கோவத்தை எழுதி முடிக்கிறன்.

நீயும் பிரகலாதன் மாதிரித்தான் கதைக்கிறாய். அவனாவது அந்நியன். உன்ரை மாமா வாழ்க்கையிலை புளுகினதெண்டால் ஒரே ஒரு புளுகுதான், பெண் பாக்க வரேக்கை தனக்குப் பாகற்காய் விருப்பம் எண்டு சொன்னது. அதுவும் நான் கறி வைச்சிருந்தபடியால். அந்த மட்ச்சைப் பற்றி அவர் கனக்கக் கதைக்கவே மாட்டார். புளுகுறவன் எண்டால் நூறு அடிச்சன், கோப்பை வாங்கினன் எண்டு அள்ளி விடமாட்டானே? இவர் சொன்னது இவ்வளவுதான்: வெள்ளை உடுப்பு, சிவப்புத் தொப்பி, கம்பளம் விரிச்ச மாதிரிப் புல்லு, ஸ்கொட்லாந்துக்காரர் எதிர்ப்பக்கம். அதோடை வாயை மூடியிடுவார்.

அவரிட்டைக் கேக்கச் சொல்லுறாய். கேட்டால் "அதை விடும் செல்வம்" எண்டுவார். தகப்பன் செத்து, கொள்ளி வைக்கிறதுக்கு இஞ்சை வந்த மனிசன், பேந்து சண்டை தொடங்கித் திரும்பிப் போகேலாமல் நிண்டிட்டார். அதுக்குப் பிறகு அந்த நாட்டுக் கதை எண்டால் அவருக்கு ஒரு மாதிரி.

தகப்பன் எண்டோடனை ஞாபகம் வருது. என்ரை மாமனார் ஏரம்பர் பொல்லாத பகிடிக்காரர். டென்மார்க்கிலை இவரை எல்லாரும் மிஸ்டர் ஏரம்பு, மிஸ்டர் ஏரம்பு எண்டுதான் கூப்பிடுறவையாம். இவர் அதைக் கடிதத்திலை எழுத, கிழவன் சந்தையடி முழுக்க "நான் இஞ்சை வெங்காயம் கிண்டுறன், வெள்ளைக்காரன் அங்கை என்னைக் கூப்பிட்டுக்கொண்டு திரியிறான்" எண்டு சொல்லித் திரிஞ்சாராம். அவர் செத்து அந்தியேட்டிச் சடங்கும் முடிஞ்சாப்பிறகு டென்மார்க்கிலை இருந்து மிஸ்டர் ஏரம்பு எண்டு ஒரு கடிதம் வர, தபால்காரன் படலையைத் திறக்கப் பயந்து வேலியாலை எறிஞ்சிட்டுப் போனானாம். அது வாய்க்கால் தண்ணிக்கை விழுந்து ஒரு எழுத்தும் வாசிக்கேலாமல் போச்சாம். இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுறன் எண்டு எனக்கே தெரியேல்லை. கோவம் வந்தால் எனக்குக் கதை கூடும்.

நாங்கள் சுகம். எண்ணெய் பூசுறன்.

வைரவர் உனக்கு நல்ல புத்தி தரட்டும்,
மாமி


ஹேர்னிங்,
28.04.2024

அன்புள்ள மாமிக்கு,

நலம் விசாரிக்கக் கூடப் பொறுமை இல்லை. மாமா இருக்கிறார். பெயர்ப் பட்டியலில் இருக்கிறார்.

உங்கள் கோபம்தான் கண்டுபிடித்துத் தந்தது. தபால்காரர் வேலியால் எறிந்த கதையை வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தவன், சிரிப்பு நின்று பட்டியலைத் திரும்ப எடுத்தேன். 'தி. ஏரம்பு' என்று இருந்தது. இங்கே படிவத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? எல்லாரையும் போல மாமாவும் தகப்பன் பெயரை எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் எழுதினேன். வேலையிடத்தில் என்னை இன்றுவரை அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்படியிருந்தும் என் மண்டையில் இது ஏறவில்லை. தியாகராசாவைத் தேடினேன், அவர் தகப்பனின் பெயருக்குள் இருந்தார்.

1989 ஆடி மாதம், ஸ்கொட்லாந்துக்கு எதிராக, ஒரே ஒரு மட்ச். நீங்கள் சொன்னது அப்படியே சரி. நான் எழுதியதற்கு மன்னியுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். இப்படி ஒன்று இரண்டு மட்ச் ஆடி மறக்கப்பட்டவர்கள் இங்கே ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் கூடிச் சாப்பிடுவார்களாம். நடத்துகிறவர் நீல்சன் என்ற முதியவர். தொலைபேசியில் ஏரம்பு என்ற பெயரைச் சொன்னதும் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். பிறகு, "அவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டார். இருக்கிறார், வெங்காயம் செய்கிறார் என்றேன். விருந்துக்குக் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறார்.

மாமாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

மகிழ்ச்சியோடு,
ஜெயசுதன்


சிவமயம்

கட்டுவன்,
20.05.2024

என்ரை தங்க மருமகனுக்கு,

உதயகலா வாசிச்சு முடிக்க முதல் நான் வைரவரிட்டை ஓடியிட்டன். முழங்காலும் என்னோடை ஓடி வந்தது. வடைமாலை சாத்தி, பொங்கி, பூசையும் செய்விச்சன். இவர் "இண்டைக்கு என்ன விசேசம்" எண்டு கேட்டார். "உங்கடை சாதகத்திலை கிரகம் மாறுது" எண்டன். பொய்யில்லை எல்லே.

பாவம் மனிசன், ரெண்டு வடை கூடத் திண்டார், ஏன் எண்டு தெரியாமலே.

இப்ப சொல்லு, எத்தினை ஓட்டம் அடிச்சவர்? நீ அதை எழுத மறந்துபோனாய். சந்தோசத்திலை விட்டுட்டாய் போலை. எனக்கு அது அவசரமாத் தேவை. ஏனெண்டால் கோயிலடியிலை பிரகலாதன்ரை தாய் என்னைக் கண்டு, "அப்ப எத்தினை அடிச்சவராம்" எண்டு வாயைக் கோணிக்கொண்டு கேட்டா. தெரியாது எண்டு சொல்ல எனக்கு வாய் வருமே? "ஒரு அம்பது இருக்கும்" எண்டன். பின்னேரம் சந்தைக்குப் போனால் அது எழுபதாப் போச்சு. நான் இல்லை, சனம்.

பிரகலாதனும் வீட்டு ஒழுங்கைக்கு வந்து, "அன்ரி, கடிதம் வந்தால் பேருக்குப் பக்கத்திலை ஓட்டத்தையும் வெட்டுவம், வடிவா இருக்கும்" எண்டு சொல்லியிட்டுப் போறான். அம்பதுக்குக் கூட எண்டாலும் பறவாயில்லை, கல்லிலை இடம் இருக்கு.

விருந்துக்குப் போகேக்கை வேட்டி சால்வையோடை போ. வெறுங்கையோடை போகாதை. தர்சிகாவைப் பயித்தம் பணியாரம் சுடச் சொல்லு. எங்கடை சார்பிலை போறாய்.

உங்களையெல்லாம் துர்க்கை அம்மன் மடியிலை வைச்சுக் காக்கட்டும்,
மாமி


ஹேர்னிங்,
16.06.2024

அன்புள்ள மாமிக்கு,

எல்லாரும் நலம். நேற்று விருந்து. வேட்டி கட்டவில்லை, காற்று விடாது. பயித்தம் பணியாரம் கொண்டுபோனேன், ஒன்றும் மிஞ்சவில்லை.

மாமி, இப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கழக மண்டபம். ஒரு மேசையைச் சுற்றி முதியவர்கள். ஒவ்வொருவரும் ஒருநாள் நாட்டின் தொப்பியைப் போட்டவர்கள். அடுத்த நாள் ஊருக்கே தெரியாமல் போனவர்கள்.

ஒருவர் தபால்காரர். மூன்று ஓவர் போட்டாராம், மழை வந்ததாம், மழை விட்ட பிறகு அவரை மறுபடி யாரும் கூப்பிடவில்லையாம். "மழை இன்னும் விடவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். இன்னொருவர் பல் வைத்தியர். மட்ச் பார்க்கத்தான் போனாராம். ஆட வேண்டியவர் கப்பலைத் தவறவிட, பார்த்துக்கொண்டிருந்தவரை இறக்கிவிட்டார்கள். கடன் வாங்கிய காற்சட்டையோடு பதினொரு ஓட்டம். பன்னிரண்டாவதுக்கு ஓடும்போது காற்சட்டை கழன்று இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். துடுப்பை விக்கெட் கோட்டுக்குள் வைக்கக் கை இல்லை, ரன் அவுட். மூன்றாமவர் எல்லைக் கோட்டில் பனிப்புகாருக்குள் நாள் முழுவதும் நின்றவர். பந்து அவரிடம் வரவே இல்லை. "நாட்டுக்கு ஆடியவர்களில் ஒரு பிழையும் விடாதவன் நான்தான்" என்று மேசையில் தட்டினார்.

ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் கேலி செய்ய, ஒரே ஆரவாரம். மாமாவின் பெயர் வந்ததும் எல்லாரும் கிளாசை உயர்த்தினார்கள். நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

சங்கம் எழுத்தில் உறுதிப்படுத்தித் தரும். வந்ததும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஜெயசுதன்


சிவமயம்

கட்டுவன்,
08.07.2024

மருமகன் ஜெயசுதனுக்கு,

இஞ்சை சுகத்துக்குக் குறைவில்லை. வெயில்தான் ஆளைக் காய்ச்சுது.

உன்ரை கடிதத்தை உதயகலா வாசிக்க நாங்கள் ரெண்டு பேரும் வயிறு நோகச் சிரிச்சம். காற்சட்டைக்காரற்றை இடத்தை அவள் ரெண்டு தரம் வாசிச்சாள். பேந்து வீட்டை வந்து அரிசி களைஞ்சுகொண்டிருக்கேக்கைதான் எனக்குப் பொறி தட்டினது.

பல்லுப் புடுங்கிறவர் பதினொண்டு. தபால்காரர் மூண்டு ஓவர். புகாருக்கை நிண்டவருக்குப் பந்தே வரேல்லை. முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் எல்லாற்றை கணக்கும் எழுதினாய். உன்ரை சொந்த மாமாவுக்கு ஒரு வரி. "நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்." நான் ஊர்ப் பள்ளிக்கூடத்திலை எட்டு வரைக்கும் படிச்சவள்தான். எண்டாலும் கடிதம் எந்த இடத்திலை கால் தடக்குது எண்டு எனக்குத் தெரியும்.

இவரையும் மெல்லமாக் கேட்டுப் பாத்தன்.

"இஞ்சருங்கோ, அந்த மட்சிலை எத்தினை அடிச்சனீங்கள்?"

"வெங்காயத்துக்குத் தண்ணி கட்டோணும்" எண்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிட்டார். வெங்காயம் கிண்டி முடிஞ்சு தோட்டம் வெறுந்தரையாக் கிடக்கு.

ரெண்டு ஆம்பிளையள் சேர்ந்து என்னத்தையோ மறைக்கிறியள், ஒராளுக்கு மற்றாள் மறைக்கிறது தெரியாமலே. இஞ்சை அம்பது எண்டது இப்ப நூறுக்குக் கிட்ட நிக்குது. செப்டம்பர் எட்டாந் திகதி ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. கல்லு வெட்டுறவன் காத்துக்கொண்டிருக்கிறான். என்ன எண்டாலும் சொல்லு. நான் தாங்குவன்.

அம்மனை நினைச்சு உண்மையை எழுது,
மாமி


ஹேர்னிங்,
30.07.2024

அன்புள்ள மாமிக்கு,

நீங்கள் நலமாக இருந்து இதை வாசிக்க வேண்டும்.

சைபர்.

நடந்ததை நீல்சன் சொன்னபடி எழுதுகிறேன். அவர்தான் அன்று மறுபக்கத்தில் துடுப்போடு நின்றவர். மாமா ஏழாவது ஆளாக இறங்கினார். முதல் பந்தை விட்டார். இரண்டாவதைத் தடுத்தார். பந்து துடுப்பில் பட்டுக் காலடியில் உருண்டது. அவர் ஒரு அடி வைக்க, சப்பாத்து பந்தில் பட்டுவிட்டது. உடனே குனிந்து, பந்தைக் கையால் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். புத்தகத்தில் கால் பட்டால் நாங்கள் செய்வோமே, அதேதான்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது துடுப்பாடுகிறவர் பந்தைக் கையால் தொடக் கூடாது, மாமி. தொட்டால் அவுட். அப்போது அதற்கென்றே ஒரு சட்டம் இருந்தது. ஸ்கொட்லாந்துக்காரர் எல்லாரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். மாமா அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். அம்பயர் விரலைத் தூக்கிய பிறகும் விளங்கவில்லை. நீல்சன் நடந்துவந்து, "நீங்கள் போக வேண்டும்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

இதைச் சொல்லி மேசை முழுவதும் சிரித்தது. நான் உயர்த்திய கிளாசைக் கீழே வைத்தேன். நீல்சன் சிரிக்கவில்லை. "நான் கழகத்தில் இருபது வருடம் பந்தை அடித்தேன். ஒருமுறையும் அதனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மனிதர் கேட்டார்" என்றார்.

இன்னொன்று. அவரைத் தூக்கி எறியவில்லை. அடுத்த வருட மட்சுக்கும் ரீமில் பெயர் போட்டு வைத்திருந்தார்கள். வேலியால் எறியப்பட்ட கடிதம் அதுவாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. அதற்குள் ஊரில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டிவிட்டது.

இதற்குள் சங்கத்தின் இரண்டு கடிதங்கள் வைத்திருக்கிறேன். பெரியதில் எல்லாம் இருக்கிறது: சைபர், பந்தைக் கையால் தொட்டதால் அவுட். சின்னதில் அவர் விளையாடினார் என்பது மட்டும். நான்தான் அப்படி ஒன்று கேட்டு வாங்கினேன். கல்லுக்கு அது போதும். சின்னதைக் கொடுத்தால் ஊரில் உங்கள் ஐம்பதும் பிழைக்கும், மாமாவும் தலை குனிய வேண்டியதில்லை. முடிவு உங்களுடையது.

அன்புடன்,
ஜெயசுதன்


ஹேர்னிங்,
05.09.2024

அன்புள்ள மாமிக்கு,

நலமா? ஒரு வரியும் வரவில்லை. இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். மாமாதான் எடுத்தார். மழையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் கதைத்தோம். "மாமி எங்கே?" என்றால், "கோயிலுக்கு" என்கிறார். இந்த ஞாயிறு திறப்பு விழா. எழுதாமல் இருந்திருக்கலாமோ என்று நினைக்கிறேன். கோபம் என்றால் கோபத்தையாவது எழுதுங்கள்.

ஜெயசுதன்


சிவமயம்

கட்டுவன்,
15.09.2024

என்ரை ஆசை மருமகனுக்கு,

இஞ்சை எல்லாரும் சுகத்துக்கு மேலை சுகம். நீங்களும் அப்பிடி இருங்கோ. எனக்குத் தொண்டை மட்டும் அடைச்சுப்போச்சு, கத்தினதாலை. காரணம் கீழை வருது.

உன்ரை நீளக் கடிதத்தை உதயகலா வீட்டு விறாந்தையிலை இருந்து வாசிச்சன். அவளுக்கு வாசிக்கக் குடுக்கேல்லை. உள்ளதைச் சொல்லுறன், முதல் மடிச்சு மடியிலை செருகினது சங்கத்தின்ரை சின்னக் கடிதத்தைத்தான். எழுபது, நூறு எண்டு சொன்ன சனத்துக்கு முன்னாலை என்னெண்டு சைபரைக் கொண்டுபோறது. அதோடை நல்லூர்த் திருவிழாவும் வந்திட்டுது.

கல்லிலை பேர் வாறது நிச்சயம்தானே எண்டு தேரண்டைக்கு நேர்த்தி வைச்சபடி அடி அழிக்கப் போனன். ஈர மணலிலை விழுந்து கும்பிட்டு எழும்பி, விழுந்து கும்பிட்டு எழும்பி வாறன். சரியான சனம். ஆரோ ஒரு மனிசி கீழை வைச்சிருந்த அருச்சனைத் தட்டிலை என்ரை கால் பட்டிட்டுது. உடனை குனிஞ்சு தொட்டுக் கண்ணிலை ஒத்தினன். ஒத்தின கை முகத்திலை இருக்கேக்கையே எனக்கு விளங்கிச்சுது மோனை. என்ரை கை என்னட்டைக் கேட்டோ போனது? அவற்றை கை மட்டும் ஸ்கொட்லாந்துக்காரரைக் கேட்டோ போயிருக்கும்? இந்தக் கைக்கு நான் வெக்கப்படுறதோ.

வீட்டை வந்து ஈரச் சீலையோடையே பிரகலாதனிட்டைப் போய்ச் சங்கத்தின்ரை பெரிய கடிதத்தைக் குடுத்தன். அவன் தமிழிலை மாத்தி வாசிச்சுப்போட்டு என்னைப் பாத்தான். பேந்து எங்கடை வீட்டுக்கு வெளிக்கிட்டான். நானும் பின்னாலை போறன். இவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நிக்கிறார்.

"ஐயா, சங்கத்தின்ரை கடிதம் வந்திருக்கு. சைபர் எண்டு கிடக்குது."

"ஓம். சைபர்தான்."

"அன்ரி அம்பது எண்டவ."

"அவவின்ரை அம்பதை அவவிட்டைக் கேள்."

எனக்கு மாட்டுக்குப் பின்னாலை ஒளிக்கலாம் போலை இருந்தது. எண்டாலும் அவர் அந்தக் கடிதத்தைக் கையிலை வாங்கி நிண்டநிலையிலை கனநேரம் பாத்தார். அடுத்த வருசமும் ரீமிலை பேர் இருந்தது எண்டு நான்தான் சொன்னன். "ஆர் சொன்னது" எண்டார். நீல்சன் எண்டன். "அவன் இன்னும் இருக்கிறானோ" எண்டார். நீல்சனுக்குத் தலைமயிரெல்லாம் மஞ்சளாம் அப்ப. அவ்வளவுதான் கதைச்சவர். ராத்திரி வெள்ளைச் சட்டையைத் தானே எடுத்துத் தோய்ச்சுப் போட்டார்.

விழா அண்டைக்கு மைதானத்தடியாலைதான் நடந்து போனார். நான் பின்னாலை. கல்லைத் திறந்திச்சினம். 'ஏரம்பு தியாகராசா, கிரிக்கெட், டென்மார்க், 1989' எண்டு பொன் எழுத்திலை. ஓட்டம் வெட்டேல்லை, பிரகலாதன் நல்ல பிள்ளை. ஆனால் மேடையிலை கடிதத்தை முழுக்க வாசிச்சான். சைபர் எண்டோடனை பின்னாலை ஒரு சிரிப்பு. பிரகலாதன்ரை தாய் என்னைத் திரும்பிப் பாத்தா. நான் எழும்பி, "ஓம், அம்பது நான் அடிச்சது. அவர் அடிச்சது சைபர். ஏன் எண்டு கேளுங்கோ" எண்டு சொல்லி முழுக் கதையையும் சொன்னன். மைக் தேவைப்படேல்லை.

முன்னுக்கு இருந்த கிழவியள் ரெண்டு பேர் கன்னத்திலை போட்டிச்சினம்.

நான் நினைச்சன் அதோடை முடிஞ்சுது எண்டு. இல்லை. அம்பயர் வேலை பாக்கிற பள்ளிக்கூட மாஸ்ரர் ஒருத்தர், ஜெரிசன், குருநகர்ப் பெடியன், எழும்பி, "ஐயா, மரியாதை எல்லாம் சரி, சட்டப்படி அவுட்தான்" எண்டு வாய் காட்டினான். உன்ரை மாமா இருந்த கதிரையை விட்டு எழும்பினார். வேட்டியை மடிச்சுக் கட்டினார். மேடையாலை இறங்கி ஒரு தடி எடுத்து மண்ணிலை கோடு கீறத் தொடங்கினார். இது விக்கெட், இது நான், இது பந்து. "செத்த பந்து தம்பி. நிண்ட பந்து. அதை நான் தொட்டால் ஆருக்கு என்ன?" எண்டார். "நிண்டதை ஆர் முடிவு பண்ணுறது? அம்பயர்தானே" எண்டு அவன். "அம்பயருக்கு எங்கடை பழக்கம் தெரியுமோ?" "சட்டப் புத்தகத்துக்குத் தெரியுமோ, ஐயா?" பெடியள் எல்லாரும் சுத்தி வளைச்சிட்டாங்கள். அரைவாசிப் பேர் அவுட், அரைவாசிப் பேர் அவுட் இல்லை. பிரதம விருந்தினர் பேச எழும்பி, கேக்க ஆள் இல்லாமல் அவரும் இறங்கி வந்து அவுட் பக்கம் நிண்டார். வடை ஆறிப்போச்சு. நான் அவுட் இல்லாத பக்கம் நிண்டு கத்தினன். எனக்கு ஒரு சட்டமும் தெரியாது.

இருண்டாப்பிறகுதான் வீட்டை வந்தம். இப்ப ஒவ்வொரு பின்னேரமும் மைதானத்துக்குப் போறார். அவங்கள் பந்தை ஒளிக்கிறேல்லை. போடச் சொல்லிக் கேக்கிறாங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கேக்கை பின்னாலை வந்து நிண்டு, "உதுதான் இவ்வளவு நாளும் நடந்ததோ" எண்டு கேட்டார். இனி என்னத்தை ஒளிக்க. கீழை கொஞ்சம் இடம் விடச் சொல்லுறார், தானும் எழுதப்போறாராம். அவற்றை கையெழுத்தை நான் கண்டு கனகாலம்.

எல்லாருக்கும் வைரவர் காவல்,
மாமி

தம்பி ஜெயசுதன்,

சுகம். பிள்ளைக்கும் தர்சிகாவுக்கும் என் அன்பு. மாமி எழுதியதில் பாதியைக் கழித்துக்கொள். பந்து நின்றுவிட்டது என்று நீல்சனிடம் நான் சொன்னதாகச் சொல். அவனுக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றான்.

இன்னொன்றும் கேட்டு எழுது. அவசரம் இல்லை, ஆனால் மறந்துவிடாதே. அடுத்த வருட மட்சுக்கு என்னை எத்தனையாவது ஆளாக இறக்க இருந்தார்கள்? ஏழா, அதற்கு மேலா?

தியாகராசா